சிவப்பு டேப்

கை கழுவக் குழாயைத் திறந்தபோதுதான் கடிகாரப் பட்டையில் சுற்றியிருந்த சிவப்பு டேப்பைப் பார்த்தான்.

அது அவனாக வைத்துக்கொண்ட வழக்கம். ஆலைக்கு மின்சாரம் தரும் பிரேக்கரைச் சோதிக்க, அதன் உள்ளே இருக்கும் சின்ன ப்ளக்கைக் கழற்றியதும் மணிக்கட்டில் டேப்பைச் சுற்றிக்கொள்வான். திரும்ப மாட்டிய பிறகே பிரிப்பான். வளையல் போட்டாச்சா என்று ஆலையில் எல்லோரும் கேலி செய்வார்கள்.

டேப் இன்னும் கையில் இருக்கிறது. பிரேக்கரைப் போட்டு, ஆலையை ஓடவிட்டாகிவிட்டது.

பிரேக்கரின் முகப்பில் இருக்கும் மின்னணுப் பெட்டி, ஓடும் மின்சாரத்தை ஓயாமல் அளந்துகொண்டிருக்கும். அளவு மீறினால் உள்ளே இருக்கும் கொக்கிக்கு ஒரு துடிப்பை அனுப்பும். கொக்கி விடுபட்டதும் பிரேக்கர் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை வெட்டிவிடும். அந்தத் துடிப்பு போகும் வழிதான் ப்ளக். அது தொங்கிக்கொண்டிருந்தால், பெட்டி தொண்டை கிழியக் கத்தினாலும் கொக்கிக்குக் கேட்காது. முகப்பில் பச்சை விளக்கு மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி எரியும்.

பிரேக்கர் ஓட்டத்தில் இருக்கும்போது, ப்ளக் இருக்கும் மின்பலகையின் கதவு திறக்காது. ஆலையை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தச் சொன்னால் காரணம் கேட்பார்கள். இன்னொரு தடவை நிறுத்தினால் வீட்டோடு இருந்துகொள் என்று மேலாளர் போன வாரம்தான் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

சாப்பாட்டு இடைவேளைக்கு எப்படியும் நிறுத்துவார்கள். அப்போது சத்தமில்லாமல் மாட்டிவிட்டால் போயிற்று.

“மச்சான்.”

தங்கையின் கணவர். ஆலையின் மோட்டார்கள் எல்லாம் அவர் பொறுப்பு. சுருள் கட்டும் வெள்ளை நாடா, எப்போதும்போல் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது. எது ஆடினாலும் அதை வைத்துத்தான் கட்டுவார். மிச்ச நாடாவை வெட்டவும் மாட்டார். தங்கை வீட்டில் குழந்தையின் தண்ணீர் பாட்டில் மூடிகூட ஒரு முழ நாடாவோடுதான் தொங்கும்.

“பெரிய மோட்டார்ல ஏதோ சத்தம் வருது. ஓடும்போதே மூடியைத் திறந்து பாக்கப் போறேன். உங்க பக்கம் எல்லாம் சரிதானே?”

அவன் முழுக்கைச் சட்டையை இழுத்து மணிக்கட்டை மறைத்தான். “எல்லாம் சரி மாப்ள. நீங்க போய்ப் பாருங்க.”

மாப்பிள்ளை உடனே நகரவில்லை. சரிதானே என்று இன்னொரு முறை கேட்டார்.

அவன் தலையாட்டினான்.

மாப்பிள்ளை மோட்டாரின் முன்னால் குந்தி, மின்கம்பிகள் சேரும் பெட்டியின் மூடியைத் திருகுவது தெரிந்தது. தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது. நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தான்.

மேலாளர் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார்.

வாயை மூடிக்கொண்டான்.

மோட்டாரில் நீல வெளிச்சம் பளிச்சென்று வெட்டியது. அதே நொடியில் மின்பலகை அறையில் படார் என்று ஒரு சத்தம். ஆலை முழுவதும் அடங்கிப்போனது.

மாப்பிள்ளை பின்னால் சாய்ந்து விழுந்திருந்தார். எழுந்து உட்கார்ந்து, புகையைக் கையால் விசிறிக்கொண்டே இருமினார். ஒரு காயமும் இல்லை.

அவன் மின்பலகை அறைக்கு ஓடினான். பிரேக்கர் ட்ரிப் ஆகி மின்சாரத்தை வெட்டியிருந்தது. வெட்டியிருக்க முடியாதே.

கதவைத் திறந்தான்.

ப்ளக் அதன் இடத்தில் இருந்தது. கழலாதபடி அதைச் சுற்றி வெள்ளை நாடா கட்டியிருந்தது. மிச்சம் ஒரு முழம் தொங்கியது.

ஆலை ஓடத் தொடங்குவதற்கு முன்பே கட்டிய முடிச்சு. மாப்பிள்ளை குழாயடியில் வந்து நின்று கேட்பதற்கு முன்பே.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை முகமெல்லாம் கரியோடு நின்றார்.

அவன் கை தன்னையறியாமல் சட்டையை மணிக்கட்டுக்கு மேல் இழுத்துவிட்டது.

மாப்பிள்ளை அதைப் பார்த்தார். இந்த முறை எதுவும் கேட்கவில்லை.