மூணாவது கியர்

"இதுல என்னைக்குக் கடலை வெந்து, என்னைக்கு நீ கையெழுத்துப் போடுறது?"

அண்ணன் சமையல் மேடைமேல் இருந்த ஸ்லோ குக்கரை முறைத்தார். பதினோரு மணிக்கு வந்தவர், இப்போது ஒன்றேகால். கண்ணாடி மூடிக்குக் கீழே ஒரு கிலோ வேர்க்கடலை தோலோடு உப்புத் தண்ணீரில் கிடந்தது. மிதந்து மேலே வராமல் இருக்கத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தாள் தங்கை.

"மெதுவாத்தாண்ணா வேகும். ஆனா உள்பருப்பு வரைக்கும் உப்பு இறங்கிடும். உனக்குப் பிடிக்குமேன்னுதான் வச்சேன். வெந்ததும் சாப்பிட்டுக்கிட்டே கையெழுத்துப் போட்டுடலாம்."

"சாதா குக்கர்ல போட்டிருந்தா நாலு விசில். தின்னு, கை கழுவி, வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பேன். காசு கொடுத்து சோம்பேறித்தனத்தை வாங்கி வச்சிருக்கே பாரு!"

அண்ணன் ஒரு வக்கீலிடம் முப்பது வருடமாகக் குமாஸ்தா. சட்டம் தெரிந்தவர் தாம் ஒருவர்தான், மற்றவரெல்லாம் கைநாட்டு என்பது அவருடைய முடிந்த முடிவு. அவர் சட்டைப்பையில் ஒரு தாள் இருந்தது. அம்மா பேரில் உள்ள வீட்டில் தனக்குப் பங்கே வேண்டாம் என்று தங்கை எழுதிக்கொடுப்பதாக, அவரே கைப்பட எழுதியது. அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதற்காகத்தான் இத்தனை பொறுமையும்.

"கையெழுத்துப் போட்டா அம்மாவை எங்கிட்ட அனுப்பிடுவியாண்ணா? தினம் போன்ல அழறாங்க. இங்க வந்துடணும்னு ஒரே பேச்சு."

"அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்."

எங்கே பார்க்கப் போகிறார்! பிள்ளை குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பெண் வீட்டில் அம்மா இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசமாட்டார்களா? அதோடு கிழவி இங்கே வந்துவிட்டால், மனசு மாறி வீட்டையே மகள் பேருக்கு எழுதி வைத்துவிடும். அப்புறம் இந்தத் தாளை வைத்து முதுகு சொறியலாம். அம்மா கைக்குள் இருக்கிற வரைக்கும்தான் வீடும் கைக்குள் இருக்கும்.

"அண்ணிதான் அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்களே. அங்க அம்மா தனியாவா இருக்காங்க?"

"ரூமைப் பூட்டிட்டு வந்திருக்கேன். இல்லேன்னா வாசல்ல நின்னு, போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் ஒப்பாரி வைக்கும். மூணு மணிக்கு வேலைக்காரம்மா வந்து திறந்து சோறு போடுவா. ஒரு வேளை லேட்டா தின்னா உயிரா போயிடும்?"

தங்கை கொஞ்ச நேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

அண்ணன் எழுந்து வந்து குக்கரைச் சோதனை போட்டார். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகைச் சுற்றி மூன்று புள்ளிகள். பக்கத்தில் இருந்த எழுத்தெல்லாம் எப்போதோ தேய்ந்து போயிருந்தது. திருகு மூன்றாவது புள்ளியில் நின்றது. மூடியில் கையை வைத்துப் பார்த்தார். குளிக்கிற தண்ணீர் அளவுக்குக்கூடச் சூடு இல்லை.

"மூணாவது கியர்ல போட்டும் வண்டி நகரலையே! இது கடலையை அவிக்குதா, இல்ல கடலையோட உக்கார்ந்து கடலை போடுதா? யாரு இதை உன் தலையில கட்டினது, மாப்பிள்ளையா? அவரு தலையிலதான் எவன் வேணும்னாலும் மிளகாய் அரைக்கலாமே. ஆமா, ஆளையே காணோம்?"

"காரை சர்வீசுக்கு விடப் போயிருக்காருண்ணா."

"அவரே ஒரு ஸ்லோ குக்கர். நாளைக்குத்தான் வந்து சேருவாரு!"

தம் நகைச்சுவைக்குத் தாமே வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டார். இரண்டு மணிக்குத் தங்கை சாப்பாடு போட்டாள். சோற்றில் சூடு போதாது, தண்ணீரில் குளிர்ச்சி போதாது, மின்விசிறியில் காற்றுப் போதாது என்று வரிசையாகக் குறை சொல்லி, மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம்.

மூன்றே முக்காலுக்குத் தங்கையின் போன் அடித்தது. "சரிங்க, சரிங்க, மெதுவாவே வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள். நேராக அண்ணனிடம் வந்தாள்.

"தாளைக் கொடுண்ணா."

படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த ஏமாளிக்காகவா நேற்று ராத்திரி தூக்கம் கெட்டோம் என்று நினைத்துக்கொண்டார். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்து, பையின் மேல் ஒரு தட்டும் தட்டிக்கொண்டார்.

"சரி, எடு உன் கடலையை. ஆசைப்பட்டு வச்சிருக்கே, ரெண்டு தின்னுட்டுப் போறேன்."

அவள் மூடியைத் திறந்தாள். அண்ணன் ஒன்றை எடுத்து உடைத்து வாயில் போட்டார். நறுக்கென்றது. சுத்தப் பச்சை.

"தூ! அஞ்சு மணி நேரம்! கடலை அவிக்கக்கூடத் துப்பில்லாத உனக்கெல்லாம் எதுக்குடி சமையல்கட்டு?"

"அந்த மூணாவது புள்ளி, வெந்தது ஆறாம இருக்கிறதுக்கு மட்டும்தாண்ணா. அதுல வச்சா எதுவும் வேகாது."

"தெரிஞ்சேவா அதுல வச்சே? பைத்தியம் கியித்தியம் பிடிச்சிருக்கா?"

வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தங்கை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள்.

"அம்மா வந்து சேர்ற வரைக்கும் நீ இங்கயே உக்கார்ந்திருக்கணும்ல?"