மஞ்சள் துப்பட்டாவுக்குப் பின்னால்

எங்கள் ஊர்ப் பந்தயத்தில் நாய் தன் ஆளை நோக்கித்தான் ஓடும். ஒருவர் தொடக்கக் கோட்டில் அதைப் பிடித்திருந்து அவிழ்த்துவிட வேண்டும். இன்னொருவர் முடிவுக் கோட்டில் நின்று கூப்பிட வேண்டும். புதிதாக வாங்கிய கிரேஹவுண்ட் நாய் மின்னியை ஆறு மாதப் பயிற்சியில் நான்தான் பிடித்திருந்து அவிழ்த்துவிட்டேன். மறுகோடியில் என் மகள் பூவிழி மஞ்சள் துப்பட்டாவை வீசி, "மின்னீ, வா!" என்பாள். முதல் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவளும் அவள்தான். பந்தயத்துக்குப் பதினெட்டு நாள் முன்பு காய்ச்சலில் போய்விட்டாள்.

அவள் பெயர் கொடுத்துவிட்டாளே என்று போனேன். அன்று மின்னியைப் பிடித்துக்கொண்டவர் பக்கத்துத் தோட்டத்து ரங்கராசு; முடிவுக் கோட்டில் பூவிழியின் துப்பட்டாவோடு நான்.

"பாப்பா இல்லாம உங்களப் பாத்தா பாதியில நின்னுக்குமுங்க. மூஞ்சிய மறைச்சுக்குங்க" என்றார்.

விசில் கேட்டதும் துப்பட்டாவை முகத்துக்கு நேரே விரித்து ஆட்டினேன். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று கூப்பிடவில்லை.

"உங்க நாய்தானுங்க மொதல்ல!" என்று யாரோ கத்தினார்கள். அதற்குள் இரண்டு முன்னங்கால்கள் என் மார்பில் வந்து விழுந்தன. மின்னி சந்தோஷத்தில் முனகிக்கொண்டே துணியை மூக்கால் விலக்கப் பார்த்தது. நான் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.