இயந்திரம் ஒன்று

தூர்வாரும் கப்பல் ஓடுவதும் நிற்பதும் ஜெனோவாவின் கையில் இருந்தது. தினமும் மதியம் கப்பலை நிறுத்தச் சொல்லிவிட்டு, சத்தம் பிடிக்கும் கருவியைக் கடலுக்குள் இறக்குவாள். டால்பினோ கடல் பசுவோ அருகில் குரல் கொடுத்தால் கருவி எண்ணிக் காட்டும். எதுவும் இல்லையென்றால் அவள் பச்சைப் பொத்தானை அமுக்குவாள், கப்பல் மறுபடி மண்ணை உறிஞ்சத் தொடங்கும்.

இன்று திரையில், ‘உயிரினம்: இல்லை. இயந்திரம்: ஒன்று’ என்று வந்தது.

“சார், பக்கத்துல வேற கப்பல் எதும் ஓடுதா?”

சூப்பர்வைசர் செல்வின் சுற்றிலும் பார்த்தார். “கண்ணுக்கெட்டுன மட்டும் ஒண்ணும் இல்ல. நம்மளுதும் நின்னுல்லா கெடக்கு. மிஷினத்தான காட்டுது, பொத்தான அமுக்கும்மா.”

ஜெனோவா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இவர்கள் கப்பலின் அதே உறுமல்தான், ஆனால் மெலிந்திருந்தது. உறுமிவிட்டு நின்றது. யாரோ பதில் சொல்லக் காத்திருப்பதுபோல் கொஞ்சம் பொறுத்து, மறுபடி உறுமியது.

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

“இது டால்பின் குட்டி சார். தாயத் தேடுது.”

“குட்டி எங்கயாவது மிஷின் மாதிரி கத்துமா? உனக்கு எப்படித் தெரியும்?”

துறைமுகக் குடியிருப்பில், மாமியாரிடம் விட்டுவந்த கைக்குழந்தையை ஜெனோவா நினைத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து இரவும் பகலும் அது கேட்டு வளர்வது இந்தக் கப்பலைத்தான்.

“பால் வேணும்னா எம் மவளும் இப்படித்தான் சார் கூப்பிடுதா.”