கிரீன்லாந்துப் பனியும் இரண்டு ஏக்கர் பருத்தியும்

எம்.ரெட்டியபட்டிக் கரிசலில் புரட்டாசி வெயில் கொதிக்கிறது. வரப்பில் நிற்கும் ஷஹீனாவின் கைப்பேசியில், கிரீன்லாந்துப் பக்கம் ஆய்வுக் கப்பலில் சமையல் வேலை பார்க்கும் கணவன் முஸாஃபர் பனிமலையைக் காட்டுகிறான். வீடு பெரிசுக்குப் பனி உடைந்து கடலில் விழுகிறது. சத்தம் கொஞ்சம் பிந்தி வருகிறது.

"இப்பிடி உருகி உருகிக் கடல்ல கலந்தா நம்மூரு மழையே மாறிப்போகுமாம். கப்பல்ல படிச்சவுக சொல்றாக."

"மழை கூடுமாங்க, குறையுமா?"

"அவுகளுக்கே சரியாத் தெரியலையாம்."

போன வருசம் விதைத்த பருத்தி முளையிலேயே கருகிப்போனது. அவ்வளவு தண்ணீரைப் பார்த்தும் அவளுக்கு நாக்கு வறள்கிறது. மடி நிறைய விதையோடு காத்திருக்கும் பால்ச்சாமி கேட்கிறார், "என்ன தாயி, விதைக்கவா வேணாமா?"

அவள் தலையசைக்கிறாள். அவர் குனிந்து விதையை ஊன்றத் தொடங்குகிறார். எதை நம்பித் தலையசைத்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.