இரண்டாவது யோசப்

ஜெனிஸ்டனின் பெயர் இல்லை.

பிறின்சி டாப்லெட்டை மேலிருந்து கீழ் வரை மறுபடி தள்ளிப் பார்த்தாள். யோசப், மக்டலீன், சுஜீவா. அவ்வளவுதான்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே ரயில் நிலையத்தின் பின்பக்கம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கெவலார் மாதா திருவிழாவுக்குப் போகும் சனம் ஏறி உட்கார்ந்து, சிலர் ரோல்ஸ் பொட்டலத்தைக்கூட அவிழ்த்துவிட்டார்கள். யோசப் அண்ணையும் மகள் சுஜீவாவும் உள்ளே. வாசலில் மிஞ்சி நின்றது மக்டலீன் அக்காவும் மகன் ஜெனிஸ்டனும்.

"என்ன பிள்ளை, நாலு பேருக்கும் சேர்த்துத்தானே இவன் போனிலை பதிஞ்சவன்? என்ரை பெடியனை மட்டும் மாதா வரவேண்டாம் எண்டிட்டாவோ?"

மக்டலீன் அக்கா கேட்டதும் பஸ்ஸுக்குள் சிரிப்பு. பிறின்சிக்குக் காது சுட்டது.

பதிவு நிரலை எழுதியவள் அவள். கணினி ஆவுஸ்பில்டுங்கில், அதாவது தொழிற்பயிற்சியில், முதலாம் வருடம். பங்குச் சபை நம்பிக் கொடுத்த முதல் வேலை. பிழை வந்தால் அடுத்த வருடம் பழையபடி பேப்பரும் பேனையும்தான் என்று சபையில் எழும்பிச் சொன்னவர் இதே மக்டலீன் அக்கா.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் இருந்தது. ஜெனிஸ்டன் அவளுடைய வகுப்பு. போன கிழமை நிரலை அவனிடம்தான் காட்டினாள். ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, எல்லாம் சரி என்றான். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ட்ராமில் வீடு வரை தனியே சிரித்துக்கொண்டு போனாள்.

இப்போது அவன் பயணப்பையைத் தோளில் மாட்டியபடி தன் சப்பாத்தையே ஆராய்ந்துகொண்டு நின்றான்.

மடிக்கணினியைத் திறந்தாள். தரவுத்தளத்தில் அந்தக் குடும்பத்தின் வரி ஒரு குறையும் இல்லாமல் கிடந்தது. பெயர்களுக்கான ஒரே பெட்டிக்குள் நாலு பெயர்: யோசப், மக்டலீன், சுஜீவா, யோசப்.

இரண்டு யோசப்.

பிடிபட்டது. பெட்டிக்குள் அடுக்கியிருப்பதைத் தூக்கிவந்து நிரலுக்குள் வைப்பவன் ஒரு தரகன். ஓஆர்எம் என்று பெயர். இது லிஸ்ட் என்று அவனிடம் சொல்லிவைத்தால் வந்ததை வந்தபடியே வைப்பான். செட் என்று சொன்னாலோ, ஒரே பெயர் இரண்டாம் தரம் வந்ததும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான்.

அவள் செட் என்று எழுதியிருந்தாள்.

ஜெனிஸ்டன் தன் பெயருக்குத் தகப்பனின் பெயரைப் போட்டிருக்கிறான். தகப்பன் பெயர்தானே இந்த நாட்டில் எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர், பழக்கதோஷம். ஆனால் தரகன் அவனைத் திருப்பி அனுப்பியதால் காலி என்று காட்டிய இடத்தை வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. பஸ் நிறைந்துவிட்டது.

மிச்சம் ஒன்றுதான். முன் வரிசையில் பொறுப்பாளருக்கென்று ஒதுக்கிய இரண்டு இருக்கையில் ஒன்றில் அவள். மற்றதில் தண்ணீர்ப் போத்தல்கள்.

போத்தல்களைக் காலடிக்கு இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் ஜெனிஸ்டன்.

"பாத்தியோ, மாதா கைவிடேல்லை," என்று மக்டலீன் அக்கா அவள் மடியில் இரண்டு ரோல்ஸை வைத்துவிட்டுப் பின்னால் போனார். பேப்பர், பேனையைப் பற்றிப் பேச்சே இல்லை.

பஸ் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறும் வரை பிறின்சி பொறுத்திருந்தாள். பிறகு பஸ்ஸின் முன்கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள்.

"உம்மட பேரைக் கேட்டால் ஏன் யோசப் எண்டு எழுதினனீர்?"

ஜெனிஸ்டன் ஒரு போத்தல் மூடியைத் திறந்தான், மூடினான், திறந்தான்.

"போன கிழமை நீர் நிரலைக் காட்டேக்கை, அதிலை செட் எண்டு கிடந்ததைக் கண்டனான். உமக்குப் பக்கத்து இருக்கை சும்மா கிடக்கும் எண்டும் தெரியும்."

வெகுநேரம் இருவரும் முன்னால் போன லொறியைப் பார்த்தார்கள். லொறியில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

பிறின்சி மெதுவாக மடிக்கணினியைத் திறந்தாள். செட்டை அழித்து லிஸ்ட் என்று எழுத ஒரு நிமிடம் போதும். விரலை விசையில் வைத்தாள்.

திரும்பி வருவதும் இதே பஸ்ஸில்தான்.

மடிக்கணினியை மூடிவிட்டு, அவனிடம் ஒரு ரோல்ஸை நீட்டினாள்.