கண் திறக்கும் காட்சி

"அம்மா கண்ணைத் திறக்கவே கூடாது" என்றார் எழுத்தாளர், கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி. மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடந்தவள் அசையவில்லை.

"திறந்தே ஆகணும் சார்" என்ற இயக்குநர், மேலே பார்த்துக் கத்தினான். "அந்த லைட்டை இன்னும் கொஞ்சம் இறக்குங்கப்பா!"

ஆயிரத்து இருநூறு எபிசோடைத் தாண்டிய தொடர் அது. இயக்குநர் வந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஓடிடியில் ஒரு சீரிஸ் எடுத்துப் பெயர் வாங்கியவன்.

"என் சீரிஸ் மொத்தமே எட்டு எபிசோட். நீங்க எட்டு மாசமா ஒரு அம்மாவைக் கோமாவுல படுக்க வெச்சிருக்கீங்க. ஜவ்வுன்னாலும் இப்படியா சார் இழுக்கிறது?"

"அது ஒரே மூச்சுல பார்த்து முடிக்கிறது தம்பி. இது தினமும் வீட்டுக்கு வந்து போற சொந்தக்காரங்க மாதிரி. சட்டுனு எழுந்து போன்னு சொல்ல முடியுமா?"

"சேனல் சொல்லிடுச்சே. மாசக் கடைசியில கதையை முடிச்சு செட்டைப் பிரிக்கணும். இன்னிக்கு அம்மா கண் முழிக்கிறாங்க, மகன்கிட்ட ஒரு வார்த்தை பேசுறாங்க. அவ்வளவுதான்."

மேக்கப் போடும் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அவங்களுக்கு இப்பல்லாம் வசனம் மனசுல நிக்கிறதில்ல சார். ஆனா ஷூட்டிங் இல்லேன்னா அன்னிக்குப் பூரா வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்காங்களாம்."

"'சாப்பிட்டியாப்பா?' ஒரே ஒரு வார்த்தை. இதெல்லாம் ஒரு வசனமா?" என்றான் இயக்குநர்.

எழுத்தாளர் மேற்கொண்டு வாதாடவில்லை. நடிகையின் பாதத்தில் விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

முதல் டேக்கில் அவள் கண்ணைத் திறந்தாள், வாய் திறக்கவில்லை. இரண்டாவதில் உதடு அசைந்தது, சொல் வரவில்லை. ஒரு காலத்தில் இரண்டு பக்க வசனத்தை ஒரே டேக்கில் பேசி முடித்தவள். லைட்மேன்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாவதில், மகனாக நடிப்பவன் அவள் கையைப் பிடித்து "அம்மா" என்றான். அவள் முகம் மலர்ந்தது. அவன் கன்னத்தைத் தடவினாள்.

"வந்துட்டியா? எங்கடா போயிருந்தே இத்தனை நாளா? இப்படி இளைச்சுட்டியே... சாப்பிட்டியாப்பா?"

ஸ்கிரிப்டில் இருந்தது அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான். இயக்குநர் கட் சொல்ல மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். செட்டே கைதட்டியது.

"இப்படி நடிக்கிறவங்களைப் போய்ப் படுக்க வெச்சுட்டீங்களே சார்!"

எழுத்தாளர் கட்டிலருகே வந்தார். அவளை எழுப்பி உட்கார வைத்து, கீழே குனிந்து கால்களில் செருப்பை மாட்டிவிட்டார்.

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு நடிகனின் பக்கம் சாய்ந்து கேட்டாள். "யாருப்பா இந்தப் பிள்ளை? தினமும் வந்து நிக்குது, பாவம். ஏதாவது சாப்பிடக் கொடுத்து அனுப்பேன்."

நடிகன் நிமிர்ந்தான். சொல்லாதே என்பதுபோல எழுத்தாளர் தலையசைத்தார். அவனால்தான் தாங்க முடியவில்லை.

"உங்க பையன் நான் இல்லம்மா... அவர்தான்."