அடுத்த மாதக் கணக்கு

அரசு ஊழியர்களுக்கு இலக்கை எட்டினால்தான் முழுச் சம்பளம் என்று ஆனபிறகு, மாதக் கடைசியில் கணவன் மாசிலாமணியை விவாகரத்து செய்வது பூங்கோதைக்கு வழக்கமாகிவிட்டது. மணமுறிவுப் பிரிவில் வேலை பார்க்கும் அவளுக்கு எப்போதும் ஒன்று குறையும். உடனே அவன் தன் திருமணப் பதிவு மேசையில் அவளையே மறுபடி கட்டிக்கொள்வான். அவன் இலக்கும் நிறைந்துவிடும்.

இம்முறையும் மணமுறிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தலை நிறையப் பூவோடு அவன் மேசை முன் போய் நின்றாள்.

"கோதை, இன்னிக்கு முகூர்த்த நாளும்மா. ஜோடி ஜோடியா வந்து என் இலக்கு நிரம்பிடுச்சு. நம்ம கல்யாணத்த அடுத்த மாசக் கணக்குல வச்சுக்கலாமா?" என்று குழைந்தான் அவன்.

"தாராளமா," என்ற பூங்கோதை, அவன் ஆசையாகத் திறக்கப்போன சாப்பாட்டு கேரியரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வத்தக்குழம்பும் அடுத்த மாசக் கணக்குதான், சார்."